சின்னத் தொட்டிக்கு ஃபில்டர்: மலையூர் வீட்டுக்கு எது சரி, எப்படி ஓட்டுவது

திருவனந்தபுரத்துக்கு மேலே மலையில் இருக்கும் தேயிலைத் தோட்ட ஊரான போனக்காட்டில் மீன் தொட்டி வைக்க ஆசைப்படுகிறவர் கடைக்குப் போகும் முன்பே இரண்டு விஷயங்களை யோசித்துவிட வேண்டும். ஒன்று கரண்ட், மற்றொன்று தண்ணீர். மழைக்காலத்தில் காட்டுப் பாதையில் ஒரு மரம் சாய்ந்து கம்பி அறுந்தால், சரிசெய்ய ஆள் வந்து சேரவே நேரமாகும். தண்ணீர் அகத்தியமலைச் சரிவிலிருந்து இறங்கும் ஓடைத் தண்ணீர். குடிக்க அருமையாக இருக்கும். ஆனால் அதில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு, குளோரின் அறவே கிடையாது. இதே தண்ணீர்தான் கரமனையாறாக இறங்கி, பேப்பாறை, அருவிக்கரை அணைகளைக் கடந்து, குளோரின் கலந்து திருவனந்தபுரம் நகரத்துக் குழாய்களில் வருகிறது. நகரத்துக் கடைக்காரர் அந்தக் குழாய்த் தண்ணீரையும் அங்கே கிடைக்கும் கரண்டையும் மனதில் வைத்துத்தான் ஃபில்டர் சொல்வார். மலையில் இருக்கும் வீட்டுக்குக் கணக்கு வேறு.

இந்த அத்தியாயம் 20 முதல் 60 லிட்டர் வரையுள்ள தொட்டிகளுக்கானது. லயத்து வீட்டின் முன்னறையில் ஒரு மேசை மேல் வைக்க அந்த அளவே போதும். வால்பாறையிலோ நுவரெலியாவிலோ இருப்பவர்களுக்கும் இதில் சொல்வது பெரும்பாலும் பொருந்தும்.

ஃபில்டர் செய்யும் வேலை

மீனின் கழிவிலிருந்தும் தின்னாமல் கிடக்கும் தீவனத்திலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. அது மீனுக்கு விஷம். ஃபில்டரின் பஞ்சில் குடியேறும் பாக்டீரியா அதை முதலில் நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் விஷம்தான். அடுத்த கட்டத்தில் அது நைட்ரேட் ஆகிறது. நைட்ரேட் ஓரளவு இருந்தால் மீன் தாங்கும். வாராவாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் அதுவும் குறைந்துவிடும்.

தெரிந்துகொள்ள வேண்டிய தத்துவம் இவ்வளவுதான். அழுக்கைப் பிடிப்பது ஃபில்டரின் சின்ன வேலை. பாக்டீரியாவுக்கு இடமும் ஆக்சிஜனும் தருவதுதான் பெரிய வேலை. அம்மோனியாவுக்கு நிறம் கிடையாது. ஆகவே கண்ணாடி போலத் தெளிந்த தண்ணீரிலும் மீன் சாகும்.

எந்த வகை வாங்குவது?

என் பதில் நேரடியானது: ஸ்பாஞ்ச் ஃபில்டர், அதை ஓட்ட ஒரு ஏர் பம்பு. பஞ்சு தொட்டிக்குள் இருக்கும், பம்பு வெளியே இருக்கும். பம்பு தள்ளும் காற்று குழாய் வழியாகக் குமிழியாக மேலேறும்போது தண்ணீரையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். அந்த இழுப்பில் தொட்டித் தண்ணீர் பஞ்சுக்குள் புகுந்து வெளியே வரும்.

மலையூருக்கு இதைச் சொல்வதற்குக் காரணங்கள் உண்டு. மின்சாரம் தண்ணீருக்குள் போவதே இல்லை. கரண்ட் போனாலும் பஞ்சு தொட்டித் தண்ணீரிலேயே இருப்பதால் பாக்டீரியா சில மணி நேரம் தாக்குப்பிடிக்கும். பழுதாகக்கூடிய பாகம் பம்புக்குள் இருக்கும் ரப்பர் ஒன்றுதான். கப்பிக் குஞ்சுகளை உறிஞ்சிக் கொல்லாது. செலவும் கம்மி. 4 வாட் ஏர் பம்பு இரவும் பகலும் ஓடினால் மாதத்துக்கு 3 யூனிட்டுக்குள் முடிந்துவிடும். 10 வாட் மோட்டார் ஃபில்டர் 7 யூனிட்டுக்கு மேல் இழுக்கும். தேயிலைத் தொழிற்சாலை ஓட்டம் நின்றுபோன ஊரில் மாதக் கரண்ட் பில் சின்ன விஷயம் இல்லை.

மற்ற வகைகளைப் பற்றிச் சுருக்கமாக:

*இன்டர்னல் ஃபில்டர்:* மோட்டாரும் பஞ்சும் சேர்ந்து தொட்டிக்குள் மூழ்கியிருக்கும். அழுக்கை நன்றாகப் பிடிக்கும். 40 லிட்டருக்கு மேற்பட்ட தொட்டியில் இரண்டாவது ஃபில்டராக வைக்கலாம். ஒயரில் வெட்டு விழுந்தால் ஷாக் அடிக்கும் என்பதை மறக்கக் கூடாது.

*ஹேங் ஆன் ஃபில்டர்:* தொட்டியின் பின்விளிம்பில் தொங்கும். நல்ல வகைதான். ஆனால் கரண்ட் போய்த் திரும்பும்போது சில சமயம் தண்ணீரைத் தானாக இழுக்காது, மோட்டார் வெறுமனே சுற்றிச் சூடாகும். வீட்டில் எல்லோரும் வேலைக்குப் போய்விடும் பகலில் இதைக் கவனிக்க யாரும் இருக்க மாட்டார்கள்.

*டாப் ஃபில்டர்:* மூடி மேல் தட்டில் பஞ்சும் செராமிக் ரிங்கும் இருக்கும். கழுவச் சுலபம். பஞ்சு அடைத்துக்கொண்டால் தண்ணீர் தட்டிலிருந்து வழிந்து தரையில் ஓடும்.

*அண்டர்கிராவல் தட்டு:* கல்லுக்கு அடியில் அழுக்கு சேர்ந்துகொண்டே போகும், சுத்தம் செய்யத் தொட்டியையே கலைக்க வேண்டும். வேண்டாம்.

*கேனிஸ்டர்:* இந்த அளவுத் தொட்டிக்குத் தேவையில்லை. கரண்ட் போனால் மூடிய டப்பாவுக்குள் ஆக்சிஜன் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால் மலையூருக்கு இன்னும் பொருந்தாது.

அளவுக் கணக்கு

1. தொட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் அளந்து பெருக்குங்கள். 1,000 ஆல் வகுத்தால் லிட்டர் வரும். 45 × 30 × 30 செ.மீ. தொட்டி 40 லிட்டர்.
2. கல், மணல், மேலே விடும் இடைவெளி ஆகியவற்றுக்காக ஆறில் ஒரு பங்கைக் கழியுங்கள். மிச்சம் சுமார் 33 லிட்டர்.
3. மோட்டார் ஃபில்டர் என்றால் ஒரு மணி நேரத்தில் அந்தத் தண்ணீரை 4 அல்லது 5 முறை சுற்ற வேண்டும். 33 லிட்டருக்கு மணிக்கு 130 முதல் 165 லிட்டர்.
4. பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண் பஞ்சு இல்லாமல், உயரம் ஏற்றாமல் அளந்தது. பஞ்சில் அழுக்கு ஏறிய பிறகு பாதி கிடைத்தாலே பெரிது. எனவே மணிக்கு 300 லிட்டர் என்று போட்டதை வாங்குங்கள்.
5. ஸ்பாஞ்ச் ஃபில்டரில் இந்தக் கணக்கு வேண்டாம். எத்தனை லிட்டர் தொட்டிக்கு என்று பெட்டியில் போட்டிருக்கும். உங்கள் தொட்டியைவிட ஒரு அளவு பெரியதாக எடுங்கள். இரட்டைப் பஞ்சு உள்ளது கிடைத்தால் அதுவே சிறந்தது. ஏன் என்று கழுவும் பகுதியில் சொல்கிறேன்.

குறிப்பு: ஃபைட்டர் மீனுக்கும் நீண்ட வால் கப்பிக்கும் வேகமான ஓட்டம் பிடிக்காது. காற்றுக் குழாயில் சின்ன வால்வு போட்டுக் குமிழியைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கி வர வேண்டியவை

மலையிலிருந்து இறங்கி விதுரா, நெடுமங்காடு தாண்டி நகரம் வரை போய் வாங்குவதென்றால் ஒரு நாள் வேலை. ஒரு பொருள் விட்டுப்போனாலும் மறுபடி பஸ் ஏற வேண்டும். அதனால் பட்டியலை எழுதியே எடுத்துப் போங்கள்.

- இரட்டைப் பஞ்சு ஃபில்டர், கூடவே ஒரு உபரிப் பஞ்சு
- ஏர் பம்பு, அதற்குரிய உபரி ரப்பர் டயாஃப்ரம்
- காற்றுக் குழாய் 3 மீட்டர்
- ஒருவழி வால்வு 2. விலை மிகக் குறைவு. ஆனால் பட்டியலில் முக்கியமானது இதுதான்.
- பவர் பேங்கில் ஓடும் சின்ன யுஎஸ்பி ஏர் பம்பு
- அம்மோனியா, நைட்ரைட், பிஎச் பார்க்கும் சொட்டு மருந்து கிட்
- மீனுக்கென்றே ஒரு வாளி, ஒரு மக்கு. சோப்பு பட்ட வாளி ஆகாது.

கடையில் பம்பை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். கையில் பிடித்தால் இலேசான அதிர்வு இருக்கலாம், கடகட சத்தம் இருக்கக் கூடாது. குழாயை ஒரு டம்ளர் தண்ணீரில் ஆழமாக முக்கி, குமிழி தொடர்ந்து வருகிறதா என்றும் பாருங்கள்.

பொருத்தும் வரிசை

1. பஞ்சை வெறும் தண்ணீரில் நாலைந்து முறை பிழிந்து அலசுங்கள். சோப்பு, டெட்டால், பிளீச்சிங் பவுடர் எதுவும் படக் கூடாது.
2. தொட்டியில் தண்ணீர் நிரப்புங்கள். மழை பெய்து கலங்கிய ஓடைத் தண்ணீரைப் பிடிக்காதீர்கள். தேயிலைக்கோ மிளகுக்கோ மருந்தடிக்கும் இடமென்றால், அடித்த பின் பெய்யும் முதல் மழைத் தண்ணீர் ஆகவே ஆகாது. மழைக்கு முன்பே ஒரு டிரம்மில் பிடித்து மூடி வையுங்கள்.
3. பஞ்சைத் தண்ணீருக்குள் முக்கி, உள்ளே இருக்கும் காற்று முழுவதும் வெளியேறும்வரை அழுத்தி அழுத்தி விடுங்கள். இதைச் செய்யாவிட்டால் ஃபில்டர் மிதந்துகொண்டே இருக்கும்.
4. தொட்டியின் மூலையில் நிறுத்துங்கள். மேல் குழாயின் வாய் தண்ணீர் மட்டத்தை ஒட்டியோ கொஞ்சம் மேலேயோ இருக்கட்டும்.
5. ஏர் பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே ஒரு பலகையில் வையுங்கள். அடியில் மடித்த துணி போட்டால் சத்தம் அடங்கும். கீழே வைத்தால், கரண்ட் போன நொடியில் தண்ணீர் குழாய் வழியாகப் பின்னோக்கி இறங்கிப் பம்புக்குள் புகுந்துவிடும்.
6. மேலே வைத்தாலும் ஒருவழி வால்வு கட்டாயம். பம்புக்கும் தொட்டிக்கும் நடுவில் குழாயை வெட்டிச் செருகுங்கள். மாட்டும் முன் வாயில் வைத்து ஊதிப் பாருங்கள். காற்று போகும் பக்கம் தொட்டியை நோக்கி இருக்க வேண்டும். தலைகீழாக மாட்டியிருந்தால் குமிழியே வராது. பம்பு கெட்டுவிட்டது என்று பலர் திருப்பிக் கொண்டு போவது இதனால்தான்.
7. ஒயர் பிளக்குக்குப் போகும் வழியில் ஒரு முறை கீழே தொங்கி, பிறகு மேலேறிப் போகட்டும். வழியும் தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது.
8. கைகளைத் துடைத்துக்கொண்டு சுவிட்சைப் போடுங்கள். ஒரு நாள் முழுக்க ஓடட்டும். மீன் இன்னும் வேண்டாம்.

முதல் ஆறு வாரம்

புதுப் பஞ்சில் பாக்டீரியா கிடையாது. அது வளர, சூடான ஊரில் 4 முதல் 6 வாரம் பிடிக்கும். தண்ணீர் 25 டிகிரிக்கு மேல் இருந்தால் வேகமாக வளரும், 20-க்குக் கீழே போனால் மந்தமாகிவிடும். மார்கழி, தை மாதங்களில் மலையில் ஆரம்பிக்கிறவர்கள் இன்னும் இரண்டு மூன்று வாரம் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும்.

1. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்துக் கிள்ளும் அளவு மீன் தீவனத்தை இரண்டு நாளுக்கு ஒரு முறை காலித் தொட்டியில் போடுங்கள். அது அழுகி அம்மோனியா ஆகும். அதுதான் பாக்டீரியாவுக்கு இரை.
2. முடிந்தால் நோயில்லாத பழைய தொட்டி ஒன்றிலிருந்து அழுக்கேறிய பஞ்சுத் துண்டு வாங்கி வாருங்கள். அதை உங்கள் பஞ்சோடு ஒட்டி நூலால் கட்டிவிட்டால் காத்திருக்கும் நாளில் பாதி மிச்சம். கொண்டு வரும்போது பை நிறையத் தண்ணீர் ஊற்ற வேண்டாம். பஞ்சு ஈரமாக இருந்து, பையில் காற்று நிறைய இருந்தால் போதும். வெயில் படாமல் மடியில் வைத்துக்கொண்டு வந்து, வீட்டுக்குள் நுழைந்ததும் தொட்டியில் போடுங்கள்.
3. இரண்டாவது வாரத்திலிருந்து மூன்று நாளுக்கு ஒரு முறை கிட்டில் பாருங்கள். அம்மோனியா முதலில் ஏறி இறங்கும். பிறகு நைட்ரைட் ஏறி இறங்கும்.
4. தீவனம் போட்டு வரும்போதே இரண்டும் பூஜ்யத்தில் நின்றால் பஞ்சு தயார்.
5. பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு, 3 அல்லது 4 சின்ன மீன் மட்டும் விடுங்கள். இரண்டு வாரம் கழித்து இன்னும் சில.

எந்த மீன் என்று கேட்டால், மலைக்குளிர் தாங்கும் ஸீப்ரா டேனியோ, கப்பி ஆகியவற்றில் தொடங்குங்கள். நேரடியாகக் காற்றைச் சுவாசிக்கத் தெரிந்த கௌராமியும் ஃபைட்டரும் கரண்ட் இல்லாத நேரத்தை மற்றவற்றைவிட நன்றாகச் சமாளிக்கும். ஆனால் அவற்றுக்கு வெதுவெதுப்பு வேண்டும். குளிர் மாதங்களில் விடாதீர்கள்.

மெல்லிய தண்ணீரின் ஆபத்து

நகரத்துக்காரர்களுக்கு எழுதிய புத்தகங்களில் இந்தப் பகுதி ஒரு வரியில் முடிந்துவிடும். மலையில் வைக்கும் தொட்டிகளை ஓசையில்லாமல் கெடுப்பது இதுதான் என்பதால் நிதானமாகப் படியுங்கள்.

அம்மோனியாவை மாற்றும்போது பாக்டீரியா தண்ணீரின் காரத்தன்மையைத் தின்கிறது. அம்மோனியாவில் உள்ள 1 மில்லிகிராம் நைட்ரஜனை மாற்ற சுமார் 7 மில்லிகிராம் காரத்தன்மை செலவாகும். பல ஊர்க் கிணற்றுத் தண்ணீரில் அது தாராளமாக இருக்கும். பாறைச் சரிவில் வழிந்து வரும் ஓடைத் தண்ணீரில் ஆரம்பத்திலேயே சொற்பம். அது தீர்ந்ததும் பிஎச் சரியத் தொடங்குகிறது. 6.5-க்குக் கீழே பாக்டீரியா மந்தமாகும். 6-ஐ நெருங்கினால் ஏறக்குறைய வேலையை நிறுத்திவிடும். குமிழி வந்துகொண்டிருக்கும், பஞ்சும் சுத்தமாக இருக்கும், ஆனால் அம்மோனியா சேர்ந்துகொண்டே போகும்.

புளிப்பேறிய தண்ணீரில் அந்த அம்மோனியாவின் விஷம் அடங்கியிருக்கும் என்பதால் மீன் சாகாது, சோர்ந்து கிடக்கும். இந்த நிலையில் யாராவது பதறி வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றினால் பிஎச் ஒரேயடியாக ஏறும். அடங்கியிருந்த அம்மோனியா முழு விஷமாக மாறி, சில மணி நேரத்தில் தொட்டியே காலியாகிவிடும். வெற்றிலைச் சுண்ணாம்பும் சுவருக்கு அடிக்கும் சுண்ணாம்பும் எந்தக் காரணத்துக்காகவும் தொட்டியில் படக் கூடாது.

வருமுன் காக்கும் வழி:

1. கிளிஞ்சல் ஓடு ஒரு கைப்பிடி எடுத்துக் கழுவி, கொதிக்கும் தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு எடுங்கள். கோழித் தீவனக் கடையில் கிடைக்கும் உடைத்த சிப்பியும் ஆகும்.
2. கொசுவலைத் துணியில் சின்னப் பையாகக் கட்டி ஃபில்டர் பக்கத்தில் போடுங்கள். தண்ணீர் புளிக்கும்போது ஓடு தானாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். புளிப்பு குறைந்ததும் கரைவதும் குறையும்.
3. மாதம் ஒரு முறை பிஎச் பாருங்கள். 6.8-க்கும் 7.5-க்கும் நடுவில் நின்றால் நிம்மதி.

தொட்டி ஏற்கெனவே 6-க்கு இறங்கிவிட்டது என்றால், கிளிஞ்சல் ஓட்டை உடனே போடாதீர்கள். முதல் ஒரு வாரம் தினமும் பத்தில் ஒரு பங்கு தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். தீவனத்தைப் பாதியாகக் குறையுங்கள். அம்மோனியா இறங்கியது கிட்டில் தெரிந்த பிறகு ஓட்டுப் பையைப் போடுங்கள்.

எச்சரிக்கை 1: கடையில் பவளத் துண்டு கொடுத்தால் வாங்காதீர்கள். இந்தியாவில் பவளங்கள் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் இருப்பவை. கிளிஞ்சலே போதும்.

எச்சரிக்கை 2: கலங்கல் தெளியப் படிகாரம் சுற்றும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. மீன் தொட்டிக்கு அது வேண்டாம். இருக்கிற கொஞ்சக் காரத்தன்மையையும் படிகாரம் எடுத்துவிடும். டிரம்மில் ஒரு நாள் அசையாமல் வைத்தால் கலங்கல் அடியில் தங்கிவிடும், மேலே தெளிந்ததை மொண்டு கொள்ளலாம்.

கரண்ட் போனால்

முதல் இரண்டு மணி நேரம், மீன் நெருக்கமில்லாத தொட்டியில் ஒன்றும் ஆகாது. அதற்கு மேல் போனால்:

1. தீவனத்தை நிறுத்துங்கள். தின்ற மீன் அதிக ஆக்சிஜன் இழுக்கும், அதிக அம்மோனியாவும் விடும். ஒரு நாள், இரண்டு நாள் பட்டினி கிடந்தால் மீன் சாகாது.
2. யுஎஸ்பி ஏர் பம்பை ஸ்பாஞ்ச் ஃபில்டரின் காற்றுக் குழாயிலேயே மாட்டுங்கள். 1 வாட் பம்பு 10,000 எம்ஏஎச் பவர் பேங்கில் ஏறக்குறைய ஒரு நாள் ஓடும். சில பவர் பேங்குகள் குறைந்த இழுப்பைக் கண்டு தானாக அணைந்துவிடும். மழைக்காலத்துக்கு முன்பே ஓட்டிப் பார்த்து வையுங்கள்.
3. அதுவும் இல்லாவிட்டால், மக்கில் தொட்டித் தண்ணீரையே மொண்டு ஒரு சாண் உயரத்திலிருந்து ஊற்றுங்கள். கால் மணிக்கு ஒரு முறை, ஒவ்வொரு தடவையும் பத்துப் பன்னிரண்டு மக்கு.
4. மூடியைத் திறந்து வையுங்கள். மேல்பரப்பில் எண்ணெய்ப் படலம் இருந்தால் ஒரு காகிதத்தை விரித்து எடுத்துவிடுங்கள்.
5. கேனிஸ்டரோ ஹேங் ஆனோ வைத்திருக்கிறவர்கள், நாலைந்து மணி நேரத்துக்கு மேல் நின்றிருந்தால் கரண்ட் வந்ததும் அப்படியே ஓட விடாதீர்கள். உள்ளே தேங்கிக் கெட்ட தண்ணீர் மொத்தமும் மீன் மேல் கொட்டும். திறந்து, அந்தத் தண்ணீரை வெளியே ஊற்றி, பஞ்சைத் தொட்டித் தண்ணீரில் அலசிவிட்டு ஓட்டுங்கள்.

ஒரு நாளுக்கு மேல் நின்றுபோயிருந்தால் பாக்டீரியாவில் ஒரு பகுதி செத்திருக்கும். அடுத்த ஒரு வாரம் தீவனம் பாதி. ஒரு நாள் விட்டு ஒரு நாள் அம்மோனியா பாருங்கள்.

கழுவும் முறை

நன்றாக ஓடிய தொட்டிகள் கெடுவது பெரும்பாலும் சுத்தம் செய்த மறுநாள். பஞ்சைத் தேய்த்து, வெளுத்து, வெயிலில் காய வைத்து மாட்டுவார்கள். பாக்டீரியா மொத்தமும் போய்விடும்.

1. பிளக்கைப் பிடுங்குங்கள்.
2. தொட்டித் தண்ணீரை அரை வாளி எடுங்கள். இதை வாராந்தரத் தண்ணீர் மாற்றத்தோடு சேர்த்துச் செய்தால் ஒரே வேலையாக முடியும்.
3. ஃபில்டரைத் தூக்கும்போது அழுக்கு தொட்டியில் உதிராமல் இருக்க, ஒரு பிளாஸ்டிக் பையைத் தண்ணீருக்குள்ளேயே பஞ்சின் மேல் கவிழ்த்து, பையோடு வெளியே எடுங்கள்.
4. இரட்டைப் பஞ்சில் ஒன்றை மட்டும் கழற்றி, வாளித் தண்ணீரில் மூன்று நான்கு முறை பிழியுங்கள். பழுப்புச் சேறு வரும். பஞ்சு பழுப்பாகவே இருக்கட்டும், புதுசு போல ஆக வேண்டாம்.
5. மறு பஞ்சை இரண்டு வாரம் கழித்துப் பிழியுங்கள். ஒன்றில் குறைந்தாலும் மற்றொன்றில் பாக்டீரியா இருக்கும்.
6. நடுக்குழாயின் உள்ளே பாசி பிடித்திருந்தால் பழைய பல் பிரஷ்ஷால் தேயுங்கள்.
7. மாட்டி, பஞ்சின் காற்றைப் பிழிந்துவிட்டு ஓட்டுங்கள்.

ஒவ்வொரு பஞ்சுக்கும் மாதம் ஒரு முறை போதும். பஞ்சு நொய்ந்து உருக்குலைந்தால் மட்டும் புதிது வாங்குங்கள். அப்போதும் பழையதையும் புதியதையும் ஒரு மாதம் சேர்த்து ஓட்டிவிட்டுத்தான் பழையதை எடுக்க வேண்டும். மகன், மகள் வீட்டோடு நகரத்தில் போய்த் தங்கித் தொட்டி வைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: குழாயைத் திறந்து அதன் கீழே பஞ்சை அலசாதீர்கள். குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும்.

இரவில் ஃபில்டரை நிறுத்தும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. சத்தம் என்பார்கள், கரண்ட் என்பார்கள். செடி உள்ள தொட்டியில் ஆக்சிஜன் குறைவதே இரவில்தான். ஃபில்டர் 24 மணி நேரமும் ஓட வேண்டும்.

ஏர் பம்பு இழுக்கும் காற்று

ஏர் பம்பு அறைக் காற்றை அப்படியே தண்ணீருக்குள் தள்ளுகிறது. கொசுவர்த்திச் சுருள், பிளக்கில் செருகும் கொசு லிக்விட், கரப்பான் ஸ்பிரே ஆகியவற்றில் இருக்கும் பைரித்ராய்டு மருந்துகள் மனிதர்களைவிட மீனுக்குப் பல மடங்கு கொடியவை. தொட்டி இருக்கும் அறையில் இவை வேண்டாம், கொசுவலை கட்டுங்கள். சாம்பிராணி போடும் நாளில் பம்பை ஒரு மணி நேரம் நிறுத்தித் தொட்டியை மூடி, புகை கலைந்த பிறகு ஓட்டுங்கள். பம்பின் அடியில் காற்று புகும் ஓட்டையில் சின்ன ஃபெல்ட் துண்டு இருக்கும். அதில் தூசி அடைத்தால் குமிழி குறையும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை எடுத்துத் தட்டுங்கள்.

மின்சாரப் பாதுகாப்பு

- தொட்டிக்குள் கை விடும் முன் எல்லாப் பிளக்கையும் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது.
- 30 மில்லி ஆம்பியர் கசிவில் அணையும் ஆர்சிசிபி வீட்டில் இல்லாவிட்டால், மூழ்கும் மோட்டார் எதையும் வாங்காதீர்கள். பழைய லயத்து ஒயரிங்கில் ஆர்சிசிபி கட்டாயம்.
- எக்ஸ்டென்ஷன் பெட்டி தரையில் கிடக்கக் கூடாது. சுவரில், தண்ணீர் மட்டத்துக்கு மேலே மாட்டுங்கள்.
- துலாவர்ஷ மழை ஐப்பசியில் மதியத்துக்கு மேல் இடியோடு வரும். மின்னல் தொடங்கும் முன்பே பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். இடி ஓய்ந்ததும் போடலாம்.

குமிழி குறைந்தால் பார்க்கும் வரிசை

முதலில் குழாய் எங்காவது மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஒருவழி வால்வைக் கழற்றி ஊதிப் பாருங்கள், ஈரம் பட்டு ஒட்டியிருக்கும். அடுத்து ஃபெல்ட். அதுவும் சரியென்றால் பஞ்சு அடைத்திருக்கலாம், பிழியுங்கள். இத்தனைக்கும் பிறகும் குமிழி பலவீனமாக இருந்தால் பம்பைத் திறந்து ரப்பர் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். உபரி ரப்பர் வாங்கி வரச் சொன்னது இதற்குத்தான்.

மீன் எல்லாம் மேல்பரப்பில் வாயைப் பிளந்து நின்றால், காரணம் தேடிக்கொண்டிருக்காமல் முதலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். பிஎச் வெகுவாக இறங்கிய தொட்டியில் மட்டும் பத்தில் ஒரு பங்கோடு நிறுத்துங்கள். பிறகு கிட்டை எடுங்கள்.

ஓடைக்கும் தொட்டிக்கும் நடுவில்

போனக்காட்டை ஒட்டிய காடு 1983-ல் அறிவிக்கப்பட்ட பேப்பாறை வனவிலங்குச் சரணாலயம். அங்கே ஓடையில் மீன் பிடித்துத் தொட்டியில் விடுவது சட்டப்படி குற்றம். ஓடை மீன்களுக்கு வேண்டிய வேகமான, ஆக்சிஜன் நிறைந்த ஓட்டத்தை ஸ்பாஞ்ச் ஃபில்டர் தரவும் முடியாது.

தொட்டி மீனை ஓடையில் விடுவது இன்னும் மோசம். திருவனந்தபுரம் நகரத்து ஆமையிழஞ்சான் தோடு என்னும் கால்வாயில் பெருகிக் கிடக்கும் சக்கர் மீன் யாரோ வீட்டுத் தொட்டியிலிருந்து விட்டதன் வாரிசு. 2018 வெள்ளத்துக்குப் பிறகு அமேசானின் அரபைமா கேரள ஆற்றில் பிடிபட்டது. போனக்காட்டு ஓடையில் விடும் மீன் நேரே பேப்பாறைக்குப் போகும். வளர்க்க முடியாமல் போனால் கடைக்காரரிடமோ தொட்டி வைத்திருக்கும் இன்னொருவரிடமோ கொடுங்கள்.

பஞ்சு பிழிந்த தண்ணீரையும் ஓடையில் கொட்ட வேண்டாம். அது மிளகாய்ச் செடிக்கும் கறிவேப்பிலைக்கும் நல்ல உரம். தொட்டியைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைப்பதென்றால், பஞ்சை நன்றாகப் பிழிந்து இரண்டு நாள் வெயிலில் உலர்த்துங்கள். ஒட்டியிருக்கும் நத்தை முட்டையும் செத்துவிடும். ஒருவழி வால்வைத் தனியாகக் கழற்றி உலர வையுங்கள். பம்பைத் துணியில் சுற்றி, எலி கடிக்காத டப்பாவில் போட்டு மூடுங்கள். மறுபடி தொடங்கும்போது பஞ்சு புதுப் பஞ்சுதான். ஆறு வாரக் கணக்கு முதலிலிருந்து வரும்.